எங்கே போகிறாய் என்று கேட்காத நிலம்

அண்ணன் மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். செமஸ்டர் விடுமுறைக்கு ராசிபுரம் வந்தபோது அழுக்குத் துணி மூட்டையோடு பிளேஸ்டேஷனையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒரு வாரம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அவன் வசம் இருந்தது. பிறகு நண்பர்களோடு ஏற்காடு கிளம்பினான். "எப்ப வருவ?" என்று மட்டும் அம்மா கேட்டார். போவதற்கு முந்தின நாள் மாலை கன்ட்ரோலரை என் கையில் திணித்து, "சும்மாதானுங்க அத்தை கெடக்குது, ஆடிப் பாருங்க" என்றான். எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

விளையாட்டின் பெயர் எல்டன் ரிங். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. அதன் புராணப் பின்னணியை எழுதியதில் அமெரிக்கப் புனைகதையாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்குப் பங்குண்டு. ஓராண்டுக்குள் இரண்டு கோடிப் பிரதிகள் விற்பனைக்குப் போயின. இவையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, இது 'திறந்த உலகம்' என்று சொல்லப்படும் வகை என்பது மட்டும். நிலம் முழுவதும் முன்னால் விரிந்து கிடக்கும். எந்தத் திசையில் போவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். நாற்பதைக் கடந்த, தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இது முதல் விளையாட்டு. ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் ஆடியிருக்கிறேன். ஆகவே இது முதற்பார்வைதான். முடித்தவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

தொடக்கத்தில் உடலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஆண், பெண் என்ற சொற்கள் இல்லை. வகை ஏ, வகை பி என்று இருந்தது. நான் பி எடுத்தேன். "பி எடுத்தா பலம் கொறையுமா?" என்று கேட்டேன். அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை. "ஒண்ணும் மாறாதுங்க அத்தை" என்றான். முகத்தின் நிறத்தைக் கறுப்பாக்கினேன், மூக்கை அகலமாக்கினேன், முடியில் நரை சேர்த்தேன். ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. பிறகு ஒரு பாழடைந்த கோயில். அதை விட்டு வெளியே வந்ததும் பல கைகள் ஒட்டுப்போட்ட ஒரு உருவம் வாள்களோடு பாய்ந்தது. கொல்லிமலை எட்டுக்கை அம்மன் நினைவு வந்து முடிவதற்குள் செத்துப்போனேன். "செத்தாத்தானுங்க ஆட்டமே ஆரம்பிக்கும்" என்றான் அவன். சுரங்கம் போன்ற ஓரிடத்தில் கண்விழித்து, படியேறி, ஒரு கதவைத் தள்ளித் திறந்தேன். புல்வெளி, தொலைவில் கோட்டை, வானை அடைத்துக்கொண்டு பொன்னிறத்தில் ஒரு மரம். இதுதான் லிம்கிரேவ் என்றான்.

அவன் எழுந்து போன பிறகு நான் செய்தது ஒன்றுதான். நடந்தேன். பாதையில் முனியப்பன் சிலை அளவுக்கு ஒரு பொற்கவச வீரன் குதிரையில் காவல் காத்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றிக்கொண்டு போனேன். கடற்கரைக்கு இறங்கினேன். ஆடுகள் உருண்டு ஓடின. குடியிருப்பு எதுவும் இல்லாத ஒரு மேட்டில் ஏறி நின்றேன். திரையில் பொழுது சாய்ந்தது. என் கை தானாகப் பரபரத்தது. இருட்டுவதற்குள் எங்காவது ஒதுங்கிவிட வேண்டும் என்று வந்த வழியே திரும்பி ஓடத் தொடங்கினேன். பாதி வழியில்தான் நின்று யோசித்தேன். எதற்காக ஓடுகிறேன்? வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. எந்த விளக்கும் ஏற்றப்பட வேண்டியதில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விளையாட்டு என்னை ஓடச் சொல்லவில்லை. நாற்பது வருடப் பழக்கம் ஓட வைத்தது.

*

எங்கள் தெருவில் ஒரு பெண் வாசலைத் தாண்டினால் கேள்வி ஒன்று தயாராக இருக்கும்: "எங்க கெளம்பிட்டீங்க?" கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அது நலம் விசாரிப்புதான். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். மாவு அரைக்க, மாத்திரை வாங்க, கோயிலுக்கு, பிள்ளையைக் கூட்டி வர. 'சும்மா' என்பது பதில் இல்லை. 'சும்மா' என்று சொன்ன பெண்ணைப் பற்றி மறுநாள் வேறு கேள்விகள் எழும். 1927இல் வர்ஜீனியா வுல்ஃப், மாலை நேர லண்டனில் நடந்து திரிவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வெளியே கிளம்ப அவர் வைத்துக்கொள்ளும் சாக்கு, ஒரு பென்சில் வாங்க வேண்டும் என்பது. நூறு ஆண்டு ஆகப்போகிறது. நம் வீடுகளில் பென்சிலுக்குப் பதில் கறிவேப்பிலை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. பொதுவெளியில் பெண் நிற்பதற்கு ஒரு காரணம் காட்டியாக வேண்டியிருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் அவளுடைய வெளி சுருக்கப்படுகிறது. ஆகவே கேட்க வேண்டியது காரணமின்றித் திரியும் உரிமை, அதற்கான ஆபத்தைத் தானே ஏற்கும் உரிமை என்பது அவர்கள் வாதம். தமிழ்நாட்டில் 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம். எத்தனையோ பெண்களின் கூலியில் மிச்சம் பிடித்துத் தந்த நல்ல திட்டம். என் மாணவிகளுக்கு டிக்கெட் காசு பிரச்சினை தீர்ந்தது. எங்கே போகிறாய் என்ற கேள்வி தீரவில்லை.

எல்டன் ரிங்கின் முதல் மணி நேரத்தில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் சொல்ல முடியும். வாள் வீசுவதில் எனக்கு ருசி இல்லை. கேட்பாரின்றி நடப்பதில் இருந்தது. நான் சந்தித்தவர்களில் யாரும் என்னைப் பெண் என்று குறிப்பிட்டுப் பேசவில்லை. 'மங்கிப்போனவர்' என்ற பொருளில் ஒரே பெயரால் எல்லோரையும்போல அழைத்தார்கள். கொல்ல வந்தவர்கள் உண்டு. முறைத்துப் பார்த்தவர்கள் இல்லை. இன்னொன்றும் உண்டு. இங்கே செத்தால், அதுவரை சேர்த்த சக்தி செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். வழியில் மறுபடி செத்தால்தான் அது போகும். அப்போதும் புதிதாகச் சேர்க்கத் தடையில்லை. ஒரு தடவை சறுக்கினால் வாழ்க்கையே போச்சு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இந்த விதி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை ஆண் பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள்.

*

தமிழ் படித்தவளுக்குத் திறந்த உலகம் என்றதும் திணைதான் நினைவுக்கு வரும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் விலங்கும் தெய்வமும் தொழிலும் கருப்பொருள். இந்த விளையாட்டில் இரண்டும் கொட்டிக் கிடக்கின்றன. வட்டாரத்துக்கு வட்டாரம் மண்ணின் நிறம் வேறு, பறவை வேறு, கொல்லும் தெய்வம் வேறு. ஆனால் அகத்தில் இந்த நிலங்களைத் தனியே கடப்பவர் யார்? பொருளுக்காகவும் போருக்காகவும் பாலை வழியே போகிறவன் தலைவன். தலைவி போனால் உடன்போக்கில் போகிறாள், அவனோடு. கடல் கடந்து பொருள் தேடப் போகும்போது பெண்ணைக் கூட்டிச் செல்வதில்லை என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. போன மகளைத் தேடிப் பாலையில் தனியாக நடக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவள் செவிலி, வயதானவள். கணவனைத் தேடி அலைந்தவளாக ஔவையார் தன் அகநானூற்றுப் பாட்டில் வெள்ளிவீதியாரைக் குறிப்பிடுகிறார். அங்கும் அலைதலுக்குக் காரணம் ஓர் ஆண்.

காரணமில்லாமல், அல்லது தனக்கென ஒரு காரணத்தோடு நடந்த பெண்களைப் பிற்காலம் நமக்குத் தருகிறது. அவர்கள் ஒவ்வொருவரும் சுங்கம் கட்டியிருக்கிறார்கள். மக்கள் வழங்கும் கதையில் ஔவை இளமையை விட்டுக்கொடுத்துக் கிழவியாகிறாள். அதன் பிறகே ஊர் ஊராய்ப் போக முடிகிறது. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் தசையை உதறிப் பேயுருக் கேட்டு வாங்குகிறார். அதன் பிறகே தலையால் நடந்து கயிலை ஏறுகிறார். சாத்தனாரின் மணிமேகலைக்கு மணிமேகலா தெய்வம் மூன்று மந்திரங்கள் தருகிறது: வானில் போக, வேற்றுரு எடுக்க, பசி தாங்க. பிறகு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கைக்கு வருகிறது. இன்றைய விளையாட்டு மொழியில் சொன்னால் இவ்வளவு திறன்களோடு தொடங்கும் நாயகி வேறெங்கும் இல்லை. அப்படிப்பட்டவளும் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகை உருவத்துக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களின் வாதங்களைக் கேட்க விரும்பியபோது, இளம் பெண்ணுக்கு அவர்கள் சொல்ல மாட்டார்கள் என்பதால் ஆண் தவசி உருவெடுத்துப் போகிறாள். அதாவது, படிப்பதற்காக அவள் வகை ஏ-யைத் தேர்ந்தெடுத்தாள்.

நான் வகை பி-யோடு, நரை நான்கு மட்டும் சேர்த்துக்கொண்டு, யாருக்கும் சுங்கம் கட்டாமல் நடந்தேன். இதை ஒரு சாதனையாகவே நினைத்தேன், தெற்கே போகும் வரை.

*

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டின் முதல் திருப்பத்திலேயே வெள்ளை முகமூடி அணிந்த ஒருவன் நின்றுகொண்டு, உனக்குக் கன்னித்துணை இல்லை, பேர் தெரியாமல் சாகப்போகிறாய் என்ற பொருளில் ஏளனம் செய்கிறான். இந்த உலகில் ஒவ்வொரு வீரருக்கும் வழிகாட்ட, சக்தியைக் கூட்டித் தர, ஒரு கன்னி இருக்க வேண்டுமாம். அந்த ஆங்கிலச் சொல், பெண் துணை கிடைக்காத பையன்களைக் கிண்டல் செய்யும் வசவாக உலகெங்கும் பரவிவிட்டது என்று அண்ணன் மகன் சொன்னான். அவனும் நண்பர்களும் அப்படித்தான் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறார்களாம். பெண் என்பவள் வீரனுக்குத் தேவையான ஒரு தளவாடம் என்ற பழைய எண்ணம்தான் இதற்குள் இருக்கிறது.

ஆனால் என் திரையில் வேறொன்று நடந்தது. சற்று தூரம் போனதும் மெலினா என்ற பெண் வந்தாள். கன்னித்துணையின் வேலையை நான் செய்கிறேன், என்னை அந்தப் பொன்மரத்தின் அடிக்குக் கூட்டிப் போ என்றாள். டாரென்ட் என்ற குதிரையைத் தந்தாள். ஏ உடலுக்குச் சொல்லப்படும் அதே பேச்சு, பி உடலோடு நான் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பெண்கள் இரவில் தீயருகே உட்கார்ந்து பேசுவதாக மாறியது. அவள் எனக்குத் தோழியானாள். அகப்பாடல்களில் வழி சொல்பவளும், ஆபத்தை முன்னறிவிப்பவளும், தலைவிக்காகப் பேசுபவளும் தோழிதான். எழுதியவர்கள் இதைத் திட்டமிட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. பிரதியில் இல்லாததை வாசகி கொண்டுவர முடியும், விளையாட்டிலும் முடிகிறது.

*

கோட்டைப் பக்கம் போய்ப் போய்ச் செத்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டிலிருந்து தொலைபேசியில் அண்ணன் மகன், "மொதல்ல தெக்க போங்க அத்தை, அங்க லேசா இருக்கும்" என்றான். தெற்கே ஒரு பாலத்தைக் கடந்தால் மழை தூறிக்கொண்டே இருக்கும் ஒரு நிலம். பெயர் அழும் தீபகற்பம். பாலம் தாண்டிய பாதையோரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துணியால் கட்டியிருந்தாள். பார்வையற்றவள். பெயர் இரினா.

தெற்கேயிருக்கும் மோர்ன் கோட்டையில் வேலையாட்கள் கிளர்ந்தெழுந்துவிட்டார்கள். கோட்டைத் தளபதியான அவள் அப்பா எட்கர் இவளை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு அங்கேயே இருக்கிறார். வந்துவிடும்படி கெஞ்சி அவள் ஒரு கடிதம் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவளை அங்கே விட்டுப் போக மனம் வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தேன். பேசலாம். மறுபடியும் பேசலாம். அவளைக் குதிரையில் ஏற்ற வழியில்லை. கைப்பிடித்து நடத்திப் போக வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கலாம், ஆனால் கதை நகராது. இந்த விளையாட்டில் தாவலாம், உருளலாம், ஒளிந்து நடக்கலாம், கம்பும் வாளும் வில்லும் மந்திரமும் பிடிக்கலாம், பூப்பறித்து மருந்து செய்யலாம். ஒரு பெண்ணை இன்னொரு பெண் கூட்டிக்கொண்டு போவதற்கு மட்டும் பொத்தான் வைக்கவில்லை.

போனேன். கோட்டை உச்சியில் அப்பா இருந்தார். கடிதத்தைப் படித்தார். கோட்டையின் பெருமைக்குரிய வாள் ஒன்று எதிரி கைக்குப் போய்விடாமல் காக்கும் வரை தன்னால் வர முடியாது என்றார். மகள் சாலையில், அப்பா வாளுக்குக் காவல். அந்த வாள் இருக்கும் இடத்தில் நின்ற சிங்கமுகத்தானை வெல்ல எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. இருபது முறைக்கு மேல் செத்தேன். வென்றதும் பேசியபடி அவர் கிளம்பினார். நானும் டாரென்டில் ஏறி விரைந்தேன். முல்லைப் பாட்டுகளில் வினை முடித்துத் திரும்பும் தலைவன் பாகனிடம் தேரை விரட்டச் சொல்வானே, அந்த விரைவுதான். தூறல்கூட அப்படியே இருந்தது. பாதையோரத்தில் இரினா செத்துக் கிடந்தாள். அப்பா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார்.

திரையை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிரவு எனக்குப் பிடிபட்டது இதுதான். நான் பெண்ணுடலை எடுத்தேன், ஆனால் விளையாட்டு எனக்குத் தந்தது தலைவனின் இடத்தை. வினைமேல் போவதும், நிலம் கடப்பதும், காலம் தாழ்த்தித் திரும்புவதும் அவனுக்குரியவை. தலைவியின் இடம் காலியாகவில்லை. அங்கே இரினா உட்கார வைக்கப்பட்டிருந்தாள். இருத்தல் அவளுடைய உரிப்பொருள். அவளுக்குக் கண்ணில்லை, குதிரையில்லை, அவள் நகரவே கூடாது, ஏனென்றால் என் பயணத்துக்கு ஒரு துயரம் தேவைப்பட்டது. ஒரு பெண்ணைச் சுதந்திரமாக நடமாட விடுவதால் மட்டும் அந்த உலகம் பெண்ணுக்குத் திறந்த உலகமாகிவிடாது. யார் நடக்கிறார், யார் காத்திருக்கிறார் என்ற ஏற்பாடு மாறாமலேயே நடப்பவரின் உடல் மட்டும் மாறலாம். அலுவலகங்களிலும் கட்சிகளிலும் கல்லூரிகளிலும் இந்த ஏற்பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். மேலே போன ஒருத்திக்காக வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிய வருடங்களில் என் சமையலறையில் என் அம்மா நின்றார்.

இன்னொரு நெருடலும் உண்டு. இரினாவைக் கொன்றவர்கள் யார்? கதை சுட்டுவது கிளர்ந்தெழுந்த அந்த வேலையாட்களை. பிறப்பாலேயே இழிந்தவர்களென்று ஒதுக்கப்பட்டு, அடிமைகளாக நடத்தப்பட்டவர்கள் அவர்கள். உருவமும் விலங்குபோலத் தரப்பட்டிருக்கிறது. அவர்கள் ஏன் எழுந்தார்கள் என்று உட்கார்ந்து கேட்க எனக்கு வாய்ப்பு வரவில்லை. வெட்டிக்கொண்டே போனேன். தளபதியின் மகளுக்காக என்னை அழ வைத்த கதை, அடிமைகளுக்காக ஒரு நொடியும் நிற்கவிடவில்லை. நம் வீட்டுப் பெண்ணுக்கு அவர்களால் ஆபத்து என்ற பேச்சு இந்தச் சமவெளிக்குப் புதியதல்ல. 2015இல் திருச்செங்கோட்டுக் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக ஒரு தலித் இளைஞர் கடத்திக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. பெண்ணின் நடமாட்டத்தைக் காவல் காப்பதும் சாதியைக் காவல் காப்பதும் ஒரே வேலை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கற்பனை உலகம் அந்தப் பயத்தையே மூலதனமாக வைத்துக் கதை சொல்லும்போது அதன் அழகில் எனக்குப் பாதி கசந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது, திரும்பி வந்திருந்த அண்ணன் மகன் விளையாட்டுக்காக வாதாடினான். "இன்னும் போகப் போக இருக்குதுங்க அத்தை. ரன்னின்னு ஒருத்தங்க வருவாங்க. அடுத்தவங்க எழுதுன விதி வேண்டாம்னு சொந்த ஒடம்பையே தூக்கிப் போட்டுட்டு பொம்மைக்குள்ள இருப்பாங்க. மலேனியான்னு ஒருத்தங்க, அவங்கள ஜெயிக்கவே முடியாது" என்றான். நியாயம்தான். ஆனால் விதியை மறுக்க உடலை உதற வேண்டும் என்றதும் எனக்குக் காரைக்கால் அம்மையார் வந்து நின்றார். ஜப்பானிலும் அதே சுங்கம்தான் போலிருக்கிறது.

*

நம் பக்கத்துப் பெண்கள் விளையாட்டுகளில் எப்படி வருகிறார்கள் என்று தேடினேன். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'கின் நாயகி ஒரு சர்க்கஸ் பெண். ரக்ஷாபந்தன் நாளில் அசுரர்கள் அவளுடைய தம்பியைத் தூக்கிப் போகிறார்கள். துர்க்கை தந்த திரிசூலத்தோடு தேடிப் போகிறாள். சுவரேறுகிறாள், தூணில் சுழல்கிறாள், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அவள் போகும் பாதை ஒன்றுதான். விலகி நடக்க இடமில்லை. வெளியே வந்ததற்கும் ஒரு நியாயம் இருக்கிறது: தம்பி.

அடுத்தது 'வெண்பா'. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண் வெண்பா. கணவன் பாவலன், மகன் கவின். அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை ஆவி போகும்படி எப்படி மாற்றி அடுக்குவது என்பதுதான் அங்கே புதிர். எனக்கு உடனே வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விளையாட்டில் முதல் முயற்சியிலேயே வென்றேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையுமா ஆட்டமா வெச்சிருக்கானுங்க?" என்று சிரித்தார். யாரும் மதிக்காத ஓர் அறிவை உலகம் முழுக்கப் பலர் திணறிக் கற்றுக்கொள்ளும்படி செய்தது அந்த விளையாட்டு. காத்திருப்பவளின் பக்கத்திலேயே அது கடைசிவரை உட்கார்ந்திருக்கிறது. எல்டன் ரிங்குக்கு இரினாவைப் பற்றித் தெரியாதது வெண்பாவுக்குத் தெரியும்.

அப்படியிருந்தும் எனக்கு ஓர் ஏக்கம் மிஞ்சுகிறது. உலகம் அறிந்த தமிழ் விளையாட்டு நாயகி அடுப்படியில் நிற்கிறாள். குதிரையேறித் திசை தேர்ந்து போகிறவளுக்கு எங்கள் மொழி தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிய விளையாட்டு ஒன்று வேண்டும். அதில் மணிமேகலை ஒளிய வேண்டியதில்லை, இரினாவைக் குதிரையில் ஏற்றிக்கொள்ளலாம், கோட்டையில் எழுந்தவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்கலாம்.

*

முதுகலை மாணவிகளுக்கு அகத்திணை நடத்தும்போது இதையெல்லாம் சொன்னேன். பெரும்பாலோர் கைப்பேசியில்கூட விளையாடியதில்லை. கைப்பேசியே அண்ணன் தம்பிகளோடு பங்குபோட்டுக்கொள்வது என்றார்கள். இரினா செத்ததைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "நீங்க கடுதாசியக் கொண்டுபோகாமயே இருந்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பாளாம்மா?" இருந்திருப்பாள், அதே சாலையோரத்தில், மழையில், கடைசிவரை, என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எல்டன் ரிங்கில் நிலப்படம் முதலில் வெறும் பழுப்புத் தாளாக இருக்கும். பாதையோரத் தூண்களைத் தேடிப் போய் எடுத்தால்தான் ஒவ்வொரு துண்டாகத் தெளியும். அதை விளக்கிவிட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். எந்தக் காரணமும் இல்லாமல், யார் துணையும் இல்லாமல், தானாகப் போய் நின்ற இடங்களை மட்டும் குறித்து ஒரு படம் வரையச் சொன்னேன். இருபத்தாறு தாள்கள் வந்தன. பதினொன்று வெறுமையாக இருந்தன. சிலர் கல்லூரி மரத்தடியைப் போட்டிருந்தார்கள். ஒருத்தி மரவள்ளிக் காட்டின் வரப்பை வரைந்து, 'ஆறாவது படிக்கும் வரை' என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி மொட்டை மாடியை மட்டும் வரைந்திருந்தாள். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி எல்லாம் அளவோடு இருந்தன.

நானும் ஒரு தாள் எடுத்துக்கொண்டேன். லிம்கிரேவை என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடியும். எந்தப் பாலம் தாண்டினால் எந்த மேடு, எங்கே ஆடுகள் மேயும் என்பதெல்லாம் தெரியும். எங்கள் மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால் தெளிந்த நாளில் கொல்லிமலை தெரியும். நற்றிணையும் குறுந்தொகையும் பாடிய கொல்லிப்பாவை அங்கேதான் நிற்கிறாள், காற்றுக்கும் மழைக்கும் அசையாமல். அழகுக்கு உவமை சொல்ல நம் புலவர்கள் தேடிப் பிடித்தது நகராத ஒரு பெண்ணை. அதை வருடா வருடம் நடத்துகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அந்த மலைக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். மொட்டை போட, ஆடிப் பதினெட்டுக்கு, ஆகாய கங்கை காட்ட, கல்லூரிச் சுற்றுலாவுக்கு. ஒரு முறையும் தனியாகப் போனதில்லை, சும்மா போனதில்லை. ஊரை ஒட்டியிருக்கும் போதமலைக்கு எந்தப் பக்கம் ஏறுவது என்றுகூடத் தெரியாது.

என் தாளில் கல்லூரி நூலகத்தின் பின்படிக்கட்டு மட்டும் இருந்தது. அதையும் அவர்களுடைய இருபத்தாறு தாள்களோடு சேர்த்து வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம். விடுமுறை முடிந்து அண்ணன் மகன் பிளேஸ்டேஷனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாள்கள் சுவரில் இருக்கின்றன. அடுத்த பருவம் முடிவதற்குள் ஒவ்வொன்றிலும் ஓரிடமாவது கூட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். என்னுடையதிலும்.